முதுகு தேய்ந்த மரப்பாச்சி

கொலுப்பெட்டியைத் திறந்தால் முதலில் கைக்கு வருவது மரப்பாச்சி ஜோடிதான். பழைய வேட்டிக் கிழிசலில் சுற்றி வைத்திருக்கும். எங்கள் வீட்டு ஜோடியில் ஆண் பொம்மை முழுசாக இருக்கிறது. பெண் பொம்மைக்கு முதுகு இல்லை. முன்னால் மூக்கு, கொண்டை, இடுப்பை ஒட்டிய கைகள் எல்லாம் இருக்கின்றன. பின்னால் திருப்பினால் பலகை மாதிரித் தட்டை. யாரும் உடைக்கவில்லை, மூன்று தலைமுறைப் பெண்கள் சந்தனக்கல்லில் இழைத்து இழைத்தே கரைத்த முதுகு அது. பட்டுத்துணி சுற்றிப் படியில் நிறுத்திவிட்டால் வந்தவர்களுக்குக் குறை தெரியாது.

குழந்தைக்கு வேர்க்குரு, பெரியவர்களுக்கு வீக்கம், வயதுப் பெண்ணின் முகத்தில் பரு, பிள்ளை பெற்றவளின் கன்னத்தில் மங்கு என்று எதற்கும் அந்த முதுகுதான். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு இழைத்தால் செங்கல் நிறத்தில் விழுது வரும். வாசனை ஒன்றும் இருக்காது. பொம்மையின் மேல்பக்கம் கன்னங்கரேலென்று இருக்க, தேய்த்த இடம் மட்டும் ரத்தச் சிவப்பாக மின்னும். சில மாதம் தொடாமல் விட்டால் அதுவும் கறுத்துவிடும். செம்மரத்தின் குணம் அது: வெட்டியபோது சிவப்பு, காற்றும் வெளிச்சமும் பட்டால் கறுப்பு.

தோல் கறுக்காமல் இருக்க நாம் தேடிப் பூசுகிற மரம், தானே வெளிச்சத்தில் கறுத்துப்போகிற மரம். இந்த வேடிக்கையை நினைத்தபடிதான் அந்தப் பொம்மையின் ஊரைத் தேடத் தொடங்கினேன்.

ஊர் என்று பார்த்தால் அலிபிரிக்கு மேலே இருக்கும் மலை. திருப்பதியிலிருந்து நடந்து போகிறவர்கள் பாதால மண்டபத்தில் கும்பிட்டு முதல் படி மிதிக்கிற இடம் அலிபிரி. அங்கிருந்து 3,550 படி. மலையடிவாரத்தில் நின்ற புளியமரத்தை வைத்து ‘அடிப்புளி’ என்றிருந்த பெயர்தான் இப்படித் திரிந்தது என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. அந்தப் புளிய நிழலில்தான் திருமலை நம்பியிடம் ராமானுஜர் ராமாயணம் கேட்டார் என்பது வைணவர்கள் சொல்லும் செய்தி. புளியமரத்தைத் தேடிப் பயனில்லை. ஆனால் மேலே ஏறும்போது இருபுறச் சரிவுகளிலும், பாறை இடுக்கில், முதலைத் தோல் போல வெடித்த கரும்பட்டையோடு நிற்கும் மரங்களைப் பார்க்கலாம். தெலுங்கில் எர்ர சந்தனம். நமக்குச் செம்மரம், செஞ்சந்தனம், ரத்த சந்தனம்.

உலகத்தில் இந்த மரம் தானாக முளைப்பது கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தெற்குத் துண்டில் மட்டும்தான். சித்தூர், திருப்பதி, கடப்பை, நெல்லூர்ப் பக்கம், கொஞ்சம் கர்நூல், பிரகாசம், ஓரம் வழிந்து தமிழ்நாட்டில் வேலூர், திருவள்ளூர்க் காடுகள். வேறெங்கும் இருந்தால் யாரோ நட்டது. மண் நன்றாக உள்ள இடத்தைவிட, வறண்ட சரளைச் சரிவில் பட்டினி கிடந்து வளரும் மரத்துக்கே உள்ளே நல்ல வைரம் பாயும். அதற்கு இருபது முப்பது வருஷம் ஆகும். வைரம் பாய்ந்த கட்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். வெயில்காலத்தில் மஞ்சளாகப் பூக்கும். காய் ஒரு வட்ட அப்பளத்தைச் சுற்றி இறக்கை வைத்த மாதிரி இருக்கும். தாவரவியல் பெயரான டெரோகார்ப்பஸ் சாண்டலினஸில் முதல் பாதிக்கு ‘இறகுக் காய்’ என்பதுதான் பொருள். பின்பாதி சந்தனத்தைக் குறிப்பது. அது உறவு கொண்டாடிய பெயர்தான். வெள்ளைச் சந்தனத்துக்கும் இதற்கும் குடும்பமே வேறு. இது அவரை, வேங்கை வகையறா.

மலையிறங்கிய கட்டை போன பாதைகள் பல. கோரமண்டல் கரையிலிருந்து டச்சுக்காரர்கள் இதைச் சாயக்கட்டையாக ஏற்றிப் போனார்கள். இடைக்கால இங்கிலாந்தின் சமையல் குறிப்புகளில் ‘சாண்டர்ஸ்’ என்று இதன் பெயர் வருகிறது. பண்டத்துக்குச் சிவப்பு ஏற்றத்தான், ருசிக்கு அல்ல. பிறகு பிரிட்டிஷ் மருந்து நூல் லாவெண்டர் எண்ணெயும் ஜாதிக்காயும் பட்டையும் சாராயத்தில் சேர்ந்த கூட்டு டிஞ்சர் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. அதிலும் செம்மரத்துக்கு இடம் உண்டு. அங்கும் அதன் வேலை நிறம் கொடுப்பதுதான். சீனாவில் அரண்மனை நாற்காலி, ஜப்பானில் ஷாமிசென் வாத்தியத்தின் கழுத்து. எந்த ஊருக்குப் போனாலும் இந்த மரத்திடம் கேட்டது ஒன்றைத்தான்: உன் சிவப்பைக் கொடு.

நம் வைத்திய நூல்களும் ஒருவகையில் அதையே கேட்டன. சார்ங்கதர சம்ஹிதையில் முகத்து மங்குக்கு ஒரு பூச்சு உண்டு: செஞ்சந்தனம், மஞ்சிட்டி, கோட்டம், லோத்திரப்பட்டை, ஆலந்தளிர், மசூர்ப் பருப்பு. இன்று அழகுநிலையங்களில் சின்னப் புட்டியில் விலையேறி நிற்கும் குங்குமாதித் தைலத்தின் பட்டியலிலும் குங்குமப்பூ, சந்தனத்தோடு ரத்த சந்தனம் இருக்கிறது. ரத்த நிறம் உள்ளது ரத்தத்தைச் சுத்தி செய்யும், சூட்டைத் தணிக்கும், முகத்தைத் தெளிய வைக்கும் என்ற எண்ணம் இந்தச் சேர்க்கைகளின் அடியில் ஓடுகிறது. பாட்டிமார் நூல் பார்த்து இழைக்கவில்லை. திருப்பதிக்குப் போனால் லட்டோடு ஒரு ஜோடி மரப்பாச்சி வாங்கி வருவது வழக்கம். கல்யாணச் சீரில் ஒரு ஜோடி வரும். பல் முளைக்கும் குழந்தை அதைக் கடித்தால் பயமில்லை, மருந்துக் கட்டைதானே என்பார்கள். பொம்மை என்ற பெயரில் ஒரு மருந்துக் கட்டை வீட்டுக்கு வீடு உட்கார்ந்திருந்தது.

பருவுக்கும் வேர்க்குருவுக்கும் சரி. மருந்து சாப்பிட்டதால் வந்த கறுப்புக்கு?

இந்தக் கேள்விக்கு அலிபிரியைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. மலையடிவாரத்துக்குப் போகும் அலிபிரி ரோட்டிலேயே ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. அலிபிரியிலிருந்து மிருகக்காட்சி சாலைக்குப் போகும் சாலையில், டாடா அறக்கட்டளையும் திருமலை தேவஸ்தானமும் சேர்ந்து 2018-இல் அடிக்கல் போட்ட புற்றுநோய் ஆஸ்பத்திரி 2022-இல் திறந்தது. அதன் பின்னணியில் தெரிவது சேஷாசல மலை. புற்றுநோய் மருந்துகளில் சில தோலைக் கறுக்க வைப்பவை. ஃப்ளூரோயூராசில் ஏற்றிய கையில் நரம்பு ஓடும் வழியெல்லாம் கறுப்புக் கோடு விழலாம். அதே இனத்தில் மாத்திரையாக வரும் கேப்சிடபீனுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் நகமும் கறுக்கும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

இங்கே ஒரு விசித்திரம். மருந்தில் தலைமுடி கொட்டியவரை மற்ற ஊரில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். திருப்பதியில் பார்க்க மாட்டார்கள். பஸ் நிலையத்தில், டீக்கடையில், லாட்ஜ் வாசலில் பாதிப் பேர் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு நிற்கிற ஊர் அது. அங்கே ஒருவரைக் காட்டிக்கொடுப்பது தலையல்ல, கைதான். டீ கிளாஸைப் பிடித்த விரல்களில் நகம் கறுத்திருந்தால், தெரிந்தவர் கண் ஒரு நிமிஷம் அங்கே நின்றுவிட்டுத்தான் நகரும்.

ஆனால் மருந்துக் கறுப்பின் முழு வரலாறும் தெரிய வேண்டுமென்றால் தொழுநோய்க்குப் போக வேண்டும். அதிலும் ஒரு சிவப்பு இருக்கிறது.

அயர்லாந்தில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் வின்சென்ட் பாரி என்ற வேதியியலாளரின் குழு காசநோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருந்தது. அவர்கள் தொடங்கியது பாறையிலும் பட்டையிலும் படரும் கற்பாசியிலிருந்து. அதிலுள்ள ஒரு பொருளைப் பிடித்து, மாற்றி, மீண்டும் மாற்றி 1950-களின் நடுவில் ஒரு கூட்டுப்பொருளுக்கு வந்தார்கள். ஆய்வகப் பெயர் பி 663. பிற்பாடு வந்த பெயர் குளோஃபசிமைன். அது அடிப்படையில் ஒரு சாயப்பொருள், பளீரென்ற சிவப்பு. காசநோய்க்கு அப்போது எதிர்பார்த்தபடி பிடிபடவில்லை. 1962-இல் நைஜீரியாவில் ஸ்டான்லி பிரவுன் என்ற மருத்துவர் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அங்கே வேலை செய்தது.

தொழுநோய்க்கு டாப்சோன் என்ற ஒரே மருந்தை வருஷக்கணக்கில் கொடுத்ததில் கிருமி அதற்குப் பழகிப்போன சமயம் அது. 1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு கூடி, ரிஃபாம்பிசின், குளோஃபசிமைன், டாப்சோன் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. 1983-இலிருந்து இந்தியாவின் தேசியத் திட்டம் அதைக் கையிலெடுத்தது. அதற்கு முந்தைய வரலாறும் நமக்குப் பக்கத்துவீட்டுச் சங்கதிதான். நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போட்டு நோயாளிகளை வலியில் துடிக்கவிட்ட காலம் போய், 1940-களில் செங்கல்பட்டை அடுத்த திருமணி தொழுநோய் இல்லத்தில் ராபர்ட் காக்ரேன் இந்தியாவில் முதன்முதலாக டாப்சோன் வகையான சல்ஃபோன் மருந்துகளைப் பயன்படுத்தினார். காட்பாடி பக்கத்துக் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியோ இந்தச் செம்மர மலைகளிலிருந்து ஒரு பாசஞ்சர் ரயில் தூரம். கூட்டு மருந்து அட்டையைத் தினமும் கிழித்து விழுங்கி, நோய் தீர்ந்து வீட்டுக்குப் போனவர்கள் தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் லட்சக்கணக்கில் உண்டு. பத்தாயிரம் பேருக்கு ஒரு தொழுநோயாளிக்கும் கீழே என்ற கணக்கை இந்தியா 2005 டிசம்பரில் எட்டியதில் அந்தச் சிவப்புச் சாயத்துக்கும் பங்கு உண்டு.

அதற்கு நோயாளிகள் கொடுத்த விலை நிறம். குளோஃபசிமைன் தினம் 50 மில்லிகிராம், மாதம் ஒரு முறை 300. சில வாரங்களில் வியர்வையும் சிறுநீரும் செம்மை ஓடும். பிறகு முகம் செம்பழுப்பாகி, அப்புறம் நோயின் படை இருந்த இடங்களெல்லாம் ஊதாக் கறுப்பாகும். வெயில் படும் இடத்தில் இன்னும் அதிகம். தோல் வறண்டு மீன் செதிலாகும். கறுப்பு கண்ட நோயாளிகள் மாத்திரையை நிறுத்திய கதையைத் தொழுநோய் மருத்துவர்கள் எல்லா நாட்டிலும் சொல்வார்கள். காரணம் அழகு மட்டும் இல்லை. யாருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்த நோயை மருந்தே முகத்தில் எழுதி ஊருக்குக் காட்டிவிடுகிறது. “என்ன இப்படிக் கறுத்துட்டே?” என்று பஸ்ஸில் ஒருவர் சாதாரணமாகக் கேட்பது போதும், அடுத்த மாத அட்டை வாங்கப் போகாமல் இருப்பதற்கு. பாதியில் நிறுத்தினால் விரல் மடங்கும் அபாயம் திரும்பி வரும் என்று தெரிந்தும்தான்.

இப்படிக் கறுத்த முகத்துக்கு மரப்பாச்சியை இழைத்தால் என்ன ஆகும்? ஒரு சிவப்புச் சாயம் உள்ளிருந்து கறுக்க வைத்ததை, இன்னொரு சிவப்புச் சாயம் வெளியிலிருந்து வெளுக்க வைக்குமா?

வைக்காது. எனக்கும் இது பிடித்தமான பதில் இல்லை. குளோஃபசிமைன் கொழுப்பில் ஒளிந்துகொள்ளும் மருந்து. தோலுக்கு அடியில் கொழுப்பிலும், கிருமியை விழுங்கும் செல்களுக்குள்ளேயும் போய்ப் படிகமாகவே தங்கிவிடும். உடம்பில் இருக்கிற அளவு பாதியாகக் குறையவே சுமார் 70 நாள் ஆகும். செம்மரத்தின் சிவப்பான சாண்டலினோ தண்ணீரில்கூடச் சரியாகக் கரையாதது. மேல்தோலில் உட்கார்ந்து, முகம் கழுவினால் போய்விடும். அது இறங்கிப் போய் அடியில் உள்ள படிகத்தைத் தொட வழியே இல்லை. மருந்து நின்றபின் மாதங்களில், சிலருக்கு ஓரிரு வருஷத்தில், கறுப்பு தானே வடியும். அந்த நாட்களில் யார் எதைப் பூசியிருந்தாலும் பேர் அந்தப் பூச்சுக்குப் போய்விடுகிறது. புற்றுநோய் மருந்தின் கறுப்பும் பெரும்பாலும் இப்படித்தான். ஊசி நின்றால் நகம் வளர வளரக் கறுப்பு நுனிக்குத் தள்ளப்பட்டு, வெட்டி எறியப்படும்.

ஆனால் ‘போக்குவது’ வேறு, ‘காப்பது’ வேறு. கறுப்பு கூடாமல் பார்த்துக்கொள்ள முடியும், அதன் பெரும்பகுதி வெயில் சங்கதி. மாநிறத் தோலில் புற ஊதாக் கதிர் மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரிகிற நீல வெளிச்சமும் கறுப்பேற்றும். அதனால்தான் தோல் மருத்துவர்கள் மங்குக்கு எழுதும் சில சன்ஸ்கிரீன்களில் இரும்பு ஆக்ஸைடு கலந்து நிறமேற்றியிருப்பார்கள். இரும்பு ஆக்ஸைடு என்றால் என்ன? காவி. சிவந்த பொருள் நீலத்தை விழுங்கும் என்ற எளிய கணக்கு. அந்தக் கணக்குப்படி கெட்டியாக அப்பிய செஞ்சந்தன விழுதும் அப்பியிருக்கும் நேரம் வரை ஒரு அரைகுறைத் திரைதான். பர்மாவில் பெண்கள் தனகா மரப்பட்டையைக் கல்லில் இழைத்துக் கன்னத்தில் பூசிக்கொண்டு பகலெல்லாம் நடமாடுவார்கள். ரங்கூனிலிருந்து திரும்பி வந்த நம் குடும்பங்களில் பாட்டிகள் இங்கும் அதைப் பூசியதுண்டு. நாம் செஞ்சந்தனத்தைப் பூசிக்கொண்டு தெருவுக்குப் போவதில்லை. ராத்திரி பூசிக் காலையில் கழுவிவிட்டு வெறும் முகத்தோடு பத்து மணி வெயிலில் நடக்கிறோம். குடையோ முந்தானையோ இதைவிடப் பத்து மடங்கு வேலை செய்யும். வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயும் அப்படியே: கையையும் காலையும் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவச் சொல்வது தொழுநோய்ப் பராமரிப்பின் பாலபாடம்.

செடி என்றால் சாது என்று நினைத்துவிடுவதும் தப்பு. எலுமிச்சம்பழத்தைக் கறுப்பில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் சாறு வழிந்த கோட்டிலேயே புதுக் கறுப்பு விழும். கார்போகரிசி வெண்புள்ளியைக் கறுக்க வைக்கவே பயன்பட்ட விதை. நம் தோலில் எது எரிச்சல் மூட்டினாலும் ஆறியபின் ஒரு கறை மிஞ்சும். அதனால் மருந்தால் கறுத்தவர் செய்யும் முதல் காரியம் அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், இது இதனால்தானா என்று கேட்பது. சில மாத்திரைகள் ஒவ்வொரு முறையும் உதட்டிலோ விரலிலோ அதே இடத்தில் வட்டமாகக் கறுப்பு வைக்கும். அங்கே இழைக்க வேண்டியது சந்தனத்தை அல்ல, மாற்ற வேண்டியது மாத்திரையை.

இவ்வளவும் நிஜமான செம்மரத்துக்கு. கடையில் ‘ரத்த சந்தனப் பொடி’ என்று வாங்குவது அதுவாகவே இருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனைக்குன்றிமணி மரத்துக்கும் செஞ்சந்தனம் என்ற பட்டப்பெயர் உண்டு. கேரளத்துத் தாகசாந்திப் பதிமுகமும் சிவப்புதான். ஒரு சின்னச் சோதனை: பச்சைத் தண்ணீரில் போட்டவுடன் தண்ணீர் சிவந்தால் சந்தேகப்படுங்கள். செம்மரம் தண்ணீரிடம் கஞ்சத்தனம் காட்டும், சாராயத்தில் மட்டும் ரத்தமாக இறங்கும். புதிதாக விற்கும் மரப்பாச்சிகளில் பல, ஏதோ ஒரு கட்டையில் செதுக்கிச் சாயம் முக்கியவை. அவற்றை இழைத்துக் குழந்தைக்குப் பூசினால் குழந்தைக்குப் போவது அந்தச் சாயம்.

நிஜம் ஏன் கிடைப்பதில்லை என்பதற்குப் பதில் மறுபடி அலிபிரி மலையிலேயே இருக்கிறது. 1995-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறிய மரம் இது. அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் இன்றும் இருக்கிறது. சேஷாசலம் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமானது. இத்தனைக்கும் கட்டை இறங்கிக்கொண்டேதான் இருந்தது. வெட்டப் போனவர்கள் பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள். ஜவ்வாது மலையில் கூலி கிடைக்காத மாதங்களில் கோடாலி பிடிக்கத் தெரிந்த கைக்குத் தரகர் சொல்லும் தொகை பெரிதாகத் தெரியும். 2015 ஏப்ரல் 7 அதிகாலை, அலிபிரியிலிருந்து அதிக தூரமில்லாத சந்திரகிரி பக்கத்துக் காட்டில் ஆந்திரச் சிறப்புப் படையின் துப்பாக்கிச் சூட்டில் இருபது பேர் செத்தார்கள். எல்லோரும் தமிழர்கள், பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த கூலிகள். கல்லும் கோடாலியும் எறிந்து தாக்கினார்கள் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். ஆறேழு வருஷம் கழித்து ‘புஷ்பா’ படத்தில் இதே மலை, இதே கட்டை, கைதட்டலோடு திரையில் ஓடியது. நானும் பார்த்தேன். பாட்டு நன்றாகத்தான் இருந்தது.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு பொம்மையின் முதுகைப் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. எங்கள் ஜோடியை வாங்கிய காலத்தில் அது கடத்தல் பொருள் இல்லை, திருப்பதிக் கடைத்தெருவில் குவித்து விற்ற விளையாட்டுச் சாமான். அந்தத் துண்டு எத்தனை வருஷம் பாறையில் பட்டினி கிடந்ததோ, அத்தனையையும் நாங்கள் வேர்க்குருவில் தேய்த்துக் கழுவிவிட்டிருக்கிறோம்.

போன நவராத்திரிக்கு வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி மருந்து ஊசிகள் முடித்து நாலு மாதமானவள். தாம்பூலம் வாங்கக் கை நீட்டியபோது நகங்களில் அடிப்பாதி வெளுத்து, நுனிப்பாதி கறுத்திருந்தது. அவளே எல்லோருக்கும் காட்டினாள், “பாருங்கோ, நிலா மாதிரி ஏறிண்டு வரது” என்று. அம்மா பழக்கத்தில் மரப்பாச்சியைப் படியிலிருந்து எடுக்கப் போனாள்.

“வேண்டாம் மாமி, அவ நிக்கட்டும்” என்றாள் அந்தப் பெண். “எனக்குத்தான் வளர்ந்துடும். அவளுக்கு முதுகு வளராதே.”